கற்றதைத்தான் பரீட்சை கேட்கிறதா?

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில், பல்கலைக்கழகங்களில் கற்பிக்கும் பழைய மாணவிகள் நால்வரின் சார்பில் நிகழ்த்தப்பட்ட உரை)



பல்கலைக்கழகத்தைப் பற்றி ஏதாவது பேசுங்கள், ஆனால் புத்திமதி மட்டும் வேண்டாம் என்று சங்கச் செயலாளர் அக்கா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். காலையிலிருந்து மேடையில் கேட்ட புத்திமதி அடுத்த நூற்றாண்டுக்கும் போதும். ஆகவே எங்கள் தொழிலில் நாளாந்தம் தலையைப் பிய்த்துக்கொள்ள வைக்கும் ஒரு விடயத்தை எடுத்துக்கொண்டோம். ஒரு பாடத்தை எதற்காகக் கற்பிக்கிறோம் என்று சொல்கிறோமோ, அதைத்தான் பரீட்சையில் அளக்கிறோமா? இதுதான் கேள்வி. ஆங்கிலத்தில் இதற்குப் பெரிய பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்கள் ஒத்திசைவு என்று சொல்லிக்கொள்கிறோம். எதிர்பார்க்கும் கற்றற்பேறு, கற்பிக்கும் முறை, கணிப்பீடு ஆகிய மூன்றும் ஒரே திசையில் இழுக்க வேண்டும். வண்டியில் பூட்டிய மாடுகள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தால் என்னவாகும் என்பது எல்லோருக்கும் தெரியும்.

எங்களில் ஒருவர் விஞ்ஞான பீடத்திலும், ஒருவர் மருத்துவ மாணவர்களுக்கும், ஒருவர் சமூகவியலிலும், ஒருவர் ஆங்கில மொழித்துறையிலும் கற்பிக்கிறோம். மூவரின் தாய்மார் கொழுந்து எடுத்தவர்கள். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. பிறகு சொல்லப்போகும் உதாரணம் ஒன்றுக்கு அது வேண்டியிருக்கிறது.

முதலில், இந்த மண்டபத்தில் பலருக்கும் நடந்திருக்கக்கூடிய ஒன்று. பாடத்தின் முதல்நாள் ஒரு தாள் தருவார்கள். "இப்பாடநெறியின் முடிவில் மாணவர் ஒரு சமூகப் பிரச்சினையைக் களத்தில் ஆராய்ந்து அறிக்கை எழுதும் ஆற்றல் பெற்றிருப்பார்" என்று அதில் அச்சிட்டிருக்கும். பதினைந்து வாரம் விரிவுரை நடக்கும். கடைசியில் பரீட்சைத்தாளில் வருவது, "கள ஆய்வின் வகைகளை விவரிக்குக." குறிப்புக் கொப்பியில் இருந்த ஆறு வகையையும் இரவோடிரவாக மனனம் செய்தவளுக்கு ஏ கிடைக்கும். லீவில் வீட்டுக்குப் போனபோது தன் டிவிஷனில் நாற்பது வீடு ஏறி இறங்கி, தண்ணீர்க் குழாய் எத்தனை வீட்டுக்கு ஒன்று என்று எழுதி வந்தவளுக்கு ஆறாவது வகை ஞாபகத்துக்கு வராமல் சீ கிடைக்கும். யாரும் அநியாயம் செய்யவில்லை. விரிவுரையாளர் கேள்விக்கு ஏற்றபடிதான் புள்ளி போட்டார். கேள்விதான் சொன்னதைக் கேட்கவில்லை.

இப்போது அந்த உதாரணம். மலையில் கொழுந்து நிறுப்பதை இங்கே தெரியாதவர்கள் குறைவு. தொழிற்சாலைக்கு வேண்டியது இரண்டு இலையும் ஒரு மொட்டும். நல்ல தேயிலை அதிலிருந்துதான் வரும். ஆனால் மலையில் தராசு கேட்பது கிலோ. அந்தத் தோட்டத்தில் இத்தனை கிலோ என்று ஒரு கணக்கு இருக்கும். எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். பின்னேரம் மழை கட்டிக்கொண்டு வரும்போது இன்னும் மூன்று கிலோ குறைகிறது என்றால் கை எங்கே போகும்? முற்றிய இலைக்கும் போகும். அந்தப் பெண்ணுக்கு நல்ல கொழுந்து எது என்று தெரியாமலா? தொழிற்சாலை ஐயாவைவிட நன்றாகத் தெரியும். தராசுக்குத் தெரியாது, அவ்வளவுதான். இலையை இளக்காரமாக நினைத்து அவள் அப்படிச் செய்வதில்லை. தராசு எதற்குப் பேர் போடுகிறதோ அதைக் கொடுக்கிறாள். அதனால்தான் தொழிற்சாலையில் ஒரு கைப்பிடி கொழுந்தை அள்ளி, நல்லது எத்தனை, முற்றியது எத்தனை என்று தனியாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். கிலோவை அளக்கும் தராசு தரத்தை அளக்காது என்பது அவர்களுக்கு நூறு வருடமாகத் தெரியும். பல்கலைக்கழகங்கள் அதை இப்போதுதான் எழுதிவைத்துப் படிக்கின்றன.

எழுதிவைத்தவர்களில் முக்கியமானவர் ஜோன் பிக்ஸ். அவுஸ்திரேலியர், ஹொங்கொங் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர். அவருக்கு முன்னரே 1949இல் அமெரிக்காவில் ரால்ஃப் டைலர், நோக்கத்தை முதலில் தீர்மானித்துவிட்டுப் பிறகு பாடத்தையும் மதிப்பீட்டையும் அமையுங்கள் என்று ஒரு சிறிய புத்தகத்தில் சொல்லியிருந்தார். 1956இல் பெஞ்சமின் புளூம் குழுவினர் அறிதலின் படிநிலைகளை வகுத்தார்கள். இங்கே ஆசிரியைகளாக இருக்கும் எல்லோரும் கல்வியியல் டிப்ளோமாவுக்கு அதைப் படித்துத்தான் இருப்பீர்கள். பிக்ஸ் செய்தது வேறு. ஹொங்கொங்கில் ஏற்கெனவே வேலை பார்க்கும் ஆசிரியர்களுக்கு அவர் கல்வி உளவியல் கற்பித்தார். அவர்கள் உளவியல் கோட்பாடுகளை ஒப்புவிப்பது அவருக்குத் தேவையாக இருக்கவில்லை. அந்த அறிவால் அவர்களுடைய வகுப்பறை மாற வேண்டும் என்பதே தேவை. அப்படியானால் எழுத்துப் பரீட்சை எதற்கு? "உங்கள் வகுப்பறையில் என்ன மாறியது என்பதற்கு நீங்களே சான்று சேர்த்துக் கொண்டுவாருங்கள்" என்று ஒரு கோவையைக் கேட்டார். அந்த அனுபவத்திலிருந்துதான் 1996இல் அவருடைய கட்டுரை வந்தது. ஆசிரியர் நோக்கத்திலிருந்து பாடத்தைப் பார்க்கிறார், மாணவரோ பரீட்சையிலிருந்து பார்க்கிறார், ஆகவே பரீட்சையும் நோக்கமும் ஒன்றாக இருந்துவிட்டால் இருவரும் ஒரே இடத்தில் சந்திப்பார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம். கேட்டால் மிகச் சாதாரணமாகத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால்தான் தெரியும்.

நம் நாட்டில் இது சட்டகமாக வந்தது 2012இல். இலங்கைத் தகைமைச் சட்டகம் என்று பெயர். சாதாரண தரம் முதல் கலாநிதிப் பட்டம் வரை 12 படிகள். ஒவ்வொரு படியிலும் படித்தவர் எதைச் செய்யக்கூடியவராக இருக்க வேண்டும் என்று எழுதியிருக்கிறார்கள். 2015இல் அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் பட்டப்படிப்புகளை வெளியார் வந்து மீளாய்வு செய்வதற்கான கைந்நூலைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு வெளியிட்டது. பொறியியல் படித்த தங்கைமாருக்கு இன்னொரு வழியாகவும் இது வந்து சேர்ந்தது. 2014இல் இலங்கையும் இந்தியாவும் வொஷிங்டன் உடன்பாட்டில் முழு அங்கத்துவம் பெற்றன. இங்கே பெறும் பொறியியல் பட்டத்தைப் பிற நாடுகள் ஏற்க வேண்டுமானால், பட்டதாரி எதைச் செய்ய வல்லவர் என்று காட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பொறியியல் கல்லூரிகளில் வேலை பார்க்கும் நம் தோழிகள் இதே அட்டவணைகளோடு மல்லுக்கட்டுவதைத் தொலைபேசியில் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறோம்.

சட்டகத்தில் ஒரு கணக்கு இருக்கிறது, அதைக் கொஞ்சம் கவனியுங்கள். ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். விரிவுரை, வாசிப்பு, ஒப்படை, பரீட்சைக்குப் படிப்பது எல்லாம் சேர்ந்த கணக்கு அது. மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150 மணித்தியாலம். வாரத்துக்கு மூன்று மணித்தியாலமாகப் பதினைந்து வாரம் விரிவுரை நடந்தால் 45. மீதி 105 மணித்தியாலம் மாணவி தானாகக் கற்க வேண்டியது. அந்த 105இல் அவள் என்ன செய்வாள் என்பதைத் தீர்மானிப்பது யார்? விரிவுரையாளர் அல்ல, பரீட்சைத்தாள். தாள் குறிப்பை மட்டும் கேட்டால் 105 மணித்தியாலமும் குறிப்பை மனனம் செய்வதில் போகும். நூலகத்தின் மூன்றாம் மாடிக்கு அவள் ஏறவே மாட்டாள். ஏறச் சொல்லிப் பேசிப் பயனில்லை.

காகிதத்தில் எல்லாம் வந்துவிட்டதா என்றால், வந்துவிட்டது. நாட்டில் எந்தப் பீடத்துக்குப் போனாலும் பாட விளக்கத்தில் கற்றற்பேறுகள் அழகாக அச்சிடப்பட்டிருக்கும். மீளாய்வுக் குழு வரும் வாரத்தில் வெளிறிய நிறக் கோப்புகள் வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். எந்தப் பேறு எந்தக் கேள்வியில் அளக்கப்படுகிறது என்ற அட்டவணையில் சரி அடையாளங்கள் பெய்த மழைபோல் விழுந்திருக்கும். நாங்களும் அப்படி எத்தனையோ அட்டவணை நிரப்பியவர்கள்தான். பேறுகளை எழுதும்போது "விளங்கிக்கொள்வர்" என்று எழுதக்கூடாது, "பகுப்பாய்வர்", "வடிவமைப்பர்" என்று எழுத வேண்டும் என்று செயலமர்வுகளில் சொல்வார்கள். வினைச்சொல் மாறிவிடும். வினாத்தாள் அப்படியே இருக்கும். அட்டவணை பொய் சொல்கிறது என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஒரு பாடம் ஒத்திசைந்திருக்கிறதா என்று பார்க்க எங்களுக்கு ஒரு குறுக்குவழி உண்டு: அட்டவணையை மூடிவைத்துவிட்டு, கடந்த ஐந்து வருட வினாத்தாளை மட்டும் அடுக்கி வாசிப்பது. அந்தப் பாடத்தின் உண்மையான நோக்கம் அங்கேதான் எழுதியிருக்கும்.

இது ஏதோ பல்கலைக்கழகத்துக்கு மட்டும் உரிய வருத்தம் என்று நினைக்க வேண்டாம். உலகத்தில் பரீட்சையின் தாக்கத்தைப் பற்றி எழுதுபவர்கள் யாராக இருந்தாலும் நம் நாட்டின் பெயரைச் சொல்லாமல் எழுத முடியாது. ஏன் தெரியுமா? 1988இல் சாதாரண தர ஆங்கிலப் பரீட்சை மாற்றப்பட்டது. அன்றாட வாழ்க்கைக்கு வேண்டிய ஆங்கிலம் என்ற நோக்கத்தோடு புதிய பாடப்புத்தகங்கள் வந்தன, அதற்கேற்பப் புதிய தாளும் வந்தது. பரீட்சையை மாற்றினால் வகுப்பறை தானாக மாறும் என்ற எதிர்பார்ப்பு. இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டயன் வோல், சார்ள்ஸ் ஓல்டர்சன் இருவரும் நம் ஆசிரியர்களின் உதவியோடு வகுப்பறைகளில் போய் அமர்ந்து பார்த்தார்கள். ஒருநாள் அல்ல, இரண்டு வருடம். 1993இல் முடிவை வெளியிட்டார்கள். புதிய பரீட்சை எதைக் கற்பிப்பது என்பதை மாற்றியிருந்தது, எப்படிக் கற்பிப்பது என்பதைப் பெரிதாக மாற்றவில்லை. பரீட்சை நெருங்க நெருங்கப் பாடம் பரீட்சைப் பயிற்சியாகச் சுருங்கியது. இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படும் ஆய்வு அது. முன்வரிசையில் இருக்கும் டீச்சர்மாரில் சிலர் அந்தப் புதிய புத்தகத்தைக் கையில் பிடித்து எங்களுக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தவர்கள். ஆய்வாளர்கள் எந்த வகுப்பறைக்குப் போனார்களோ தெரியாது, இந்தக் குளிரில் கதவு பூட்டாத வகுப்பில் ஐம்பது பேருக்கு உரையாடல் பயிற்சி கொடுப்பது எப்படி என்று டீச்சர்மாரிடம் கேட்டிருந்தால் அவர்கள் இரண்டு வருடத்தை மிச்சப்படுத்தியிருக்கலாம்.

அந்தத் தாள் வாசிப்பையும் எழுத்தையும் அளந்தது. பேசுவதை அளக்கவில்லை. விளைவை இன்றும் முதலாம் வருட வகுப்பில் பார்க்கிறோம். ஆங்கிலத்தில் திறமைச் சித்தி எடுத்த பிள்ளை, விண்ணப்பக் கடிதத்தைப் பிழையில்லாமல் எழுதும். பதிவாளர் அலுவலக ஜன்னலில் நின்று ஒரு வசனம் கேட்கச் சொன்னால் தோழியின் முதுகுக்குப் பின்னால் ஒளியும். உயர்தர விஞ்ஞானத்திலும் இப்படித்தான். பரிசோதனையைப் பற்றி அமைப்புக் கட்டுரை வினாவில் கேட்பார்கள். அளவி எப்படிப் பிடிப்பது, நிறம் எப்போது மாறும் என்று எழுதத் தெரிந்திருக்கும், முழுப்புள்ளியும் கிடைக்கும். பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அளவியை முதன்முறையாகக் கையில் தொடும்போது விரல் நடுங்கும். ஆய்வுகூடம் இல்லாத தோட்டப்புறப் பாடசாலைக்கு அந்த எழுத்து வினா ஒரு விதத்தில் உதவிதான், கருவி இல்லாமலே புள்ளி எடுக்க வழி இருந்தது. கருவி வாங்கித் தர வேண்டியவர்களுக்கும் அது உதவியாகத்தான் இருந்தது.

இப்போது எங்களுக்கு மிகவும் முக்கியமான பகுதிக்கு வருகிறோம். இந்த ஒத்திசைவு பற்றிய பேச்சு நம் பிள்ளைகளுக்கு ஏன் மற்றவர்களைவிட அதிகமாகத் தேவைப்படுகிறது?

பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், மீதி 5 வீதம் கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் போகிறது. நுவரெலியா அந்தப் பதினாறில் ஒன்று. அதனால் வாசல் ஓரளவு திறந்திருக்கிறது. வாசலுக்கு உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் ஒதுக்கீடு எழுதவில்லை. உள்ளே எழுதப்படாத ஒரு பாடத்திட்டம் இருக்கிறது. இந்த விரிவுரையாளர் விடை சுருக்கமாக இருந்தால் விரும்புவார், அவர் தன் கட்டுரையை மேற்கோள் காட்டினால் விரும்புவார், இந்தத் தாளில் ஐந்தாவது கேள்வி ஒரு வருடம் விட்டு ஒரு வருடம் திரும்ப வரும். இதெல்லாம் தெரிந்த பிள்ளைக்கு வீட்டில் ஒரு மாமாவோ அக்காவோ அதே பீடத்தில் படித்திருப்பார். குடும்பத்தில் முதன்முதலாகக் கம்பஸ் வாசலை மிதித்த பிள்ளைக்கு யார் சொல்வது?

குப்பி சொல்லும். குப்பி என்றால் நம் லயத்து வீடுகளில் மண்ணெண்ணெய் ஊற்றி ஏற்றிய அந்தச் சின்ன விளக்குத்தான். பல்கலைக்கழகத்தில் அதற்கு இன்னொரு பொருள். பரீட்சைக்கு முன் மூத்த மாணவர்கள் இளையவர்களை இருத்தி நடத்தும் வகுப்பு. அதில் அன்பு இருக்கிறது, பகிர்வு இருக்கிறது, எங்களில் இருவர் குப்பியால்தான் கரையேறினோம். ஆனால் குப்பியில் கைமாறுவது பெரும்பாலும் பாடம் அல்ல, பரீட்சையின் இரகசியம். எந்த வட்டத்தில் சேர்கிறாய், எந்த மொழி பேசுகிறாய், எந்த விடுதியில் இருக்கிறாய் என்பதைப் பொறுத்து அந்த வெளிச்சம் உனக்குக் கிடைக்கும், அல்லது கிடைக்காது. நோக்கத்தையும் புள்ளியிடும் முறையையும் முதல் வாரமே எல்லோர் கையிலும் கொடுத்து, பரீட்சையும் அதையே கேட்டால் இரகசியத்துக்கு வேலையில்லை. எங்களுக்கு ஒத்திசைவு என்பது தர உறுதிப்பாட்டுக் கோப்பைவிட நீதி சார்ந்த விடயமாகத் தெரிவது இதனால்தான்.

பிக்ஸ் 1999இல் எழுதிய புத்தகத்தில் சூசன், ரொபர்ட் என்று இரண்டு மாணவர்களைக் கற்பனை செய்கிறார். சூசன் வாசிப்பில் ஊறியவள், எப்படிக் கற்பித்தாலும் ஆழமாகக் கற்றுக்கொள்வாள். ரொபர்ட் வேலைக்காகப் பட்டம் தேடி வந்தவன், மனனம் போதும் என்றால் மனனம் செய்வான், பகுத்தாராயாமல் முடியாது என்றால் பகுத்தாராயவும் செய்வான். நல்ல கணிப்பீடு சூசனைப் பெரிதாக மாற்றாது, ரொபர்ட்டை மாற்றும். எங்களுக்கு இதில் ஒரு சிறு மனத்தாங்கல் உண்டு. மலையகத்திலிருந்து வரும் பிள்ளை ரொபர்ட்டும் அல்ல. அவளுக்கு ஆர்வம் சூசனுக்கு இருப்பதுதான், கையிலிருக்கும் வழி மட்டும் ரொபர்ட்டுடையது. பத்தடி அறையில் ஏழு பேரோடு இருந்து உயர்தரம் படித்தவளுக்கு மனனம் சோம்பேறித்தனம் அல்ல. சத்தத்துக்கு நடுவில் செய்யக்கூடிய ஒரே படிப்பு அதுதான்.

மருத்துவக் கல்வியில் இந்த விடயத்தை மற்ற எல்லோரையும்விட முன்னதாகவே பிடித்துக்கொண்டார்கள். 1975இல் ஸ்கொட்லாந்தின் டண்டி நகரில் ரொனல்ட் ஹார்டன் ஒரு புதுவிதப் பரீட்சையை அறிமுகப்படுத்தினார். மாணவர் ஒரு மேசையிலிருந்து அடுத்ததற்கு மணி அடிக்க அடிக்க நகர்வார். ஒரு மேசையில் இரத்த அழுத்தம் பார்க்க வேண்டும், அடுத்ததில் நோயாளியிடம் வரலாறு கேட்க வேண்டும், இன்னொன்றில் எக்ஸ்ரே. ஒவ்வொன்றிலும் முன்னரே எழுதிய பட்டியலின்படி புள்ளி. நம் மருத்துவ பீடங்களிலும் இன்று இது வழக்கம். எப்படிச் செய்வது என்று தெரியும் என்பது வேறு, செய்து காட்டுவது வேறு. 1990இல் ஜோர்ஜ் மில்லர் இதை ஒரு கூம்பாக வரைந்து காட்டினார். இந்தப் பரீட்சையிலும் எங்கள் தோழி ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுப்பிவருகிறார். "நோயாளியோடு தெளிவாக உரையாடுவார்" என்பது பேறு. எந்த மொழியில்? டிக்கோயா வைத்தியசாலையில் சேவைக்கு வரும் இளம் மருத்துவர் முன்னால் ஒரு தாய் இருந்து, வயிற்றுக்குள் என்னவோ இழுத்துப் பிடிக்குது என்று சொல்லும்போது, பரீட்சையில் ஆங்கிலத்தில் எடுத்த புள்ளி அந்த அறையில் எதை அளந்ததாக ஆகும்? இன்னும் ஒரு முடிவு வரவில்லை. கேள்வி கூட்டக் குறிப்பில் ஏறியிருக்கிறது, இப்போதைக்கு அதுவே ஒரு சங்கதி.

மொழி விடயத்தில் இதன் மறுபக்கமும் இருக்கிறது. முதலாம் வருட உயிரியல் தாள் ஆங்கிலத்தில். தமிழில் மூன்று ஏ எடுத்து வந்தவள், ஆங்கிலத்தில் கட்டுரை எழுதி நாற்பதுக்குக் கீழே போகிறாள். அவளுக்கு உயிரியல் தெரியவில்லையா, ஆங்கிலம் வரவில்லையா? தாளுக்கு அந்த வித்தியாசம் தெரியாது. பேறுப் பட்டியலில் ஆங்கிலக் கட்டுரை என்று ஒன்று இல்லாதபோது, அதற்காகப் புள்ளி குறைப்பது பட்டியலில் இல்லாத ஒன்றை நிறுப்பதுதான். படம் வரைந்து பெயரிடச் சொல்லலாம், தரவை விளக்கச் சொல்லலாம், வாய்மொழியாக ஐந்து நிமிடம் கேட்கலாம். தரத்தைக் குறைப்பதல்ல இது. ஆங்கிலம் வேண்டும் என்றால் அதையும் பேறாக எழுதி, கற்பித்து, தனியே அளக்கட்டும்.

ஒரு மாற்றம் எப்படி இருக்கும் என்று காட்ட, சமூகவியல் தோழியின் தாளிலிருந்து ஓர் உதாரணம் சொல்கிறோம். முன்பு இருந்த கேள்வி: "பெருந்தோட்டப் பெண்களின் சுகாதாரப் பிரச்சினைகளை விவரிக்குக." பாடத்தின் பேறு: தரவை வாசித்து நியாயமான முடிவுக்கு வருதல். இப்போது அவர் ஒரு பக்கத் தரவு கொடுக்கிறார். இரண்டு டிவிஷன்களின் சிகிச்சை நிலையப் பதிவு, கற்பனையானது, குழந்தைகளின் பிறப்பு நிறை, தாயின் வயது, வேலைக்குத் திரும்பிய நாள். இதிலிருந்து எந்த முடிவுக்கு வரலாம், எந்த முடிவுக்கு வரவே கூடாது, குடும்பநல உத்தியோகத்தரிடம் இன்னும் எதைக் கேட்பீர்கள்? புத்தகத்தைத் திறந்துவைத்துக்கொண்டே எழுதலாம். முதல் வருடம் பெரிய அமளி. கடந்தகால வினாத்தாளில் இப்படி இல்லையே மேடம் என்று ஒரு குழு அறைக்கே வந்துவிட்டது. வளாகத்துக்கு வெளியே மாதிரி விடைகளைப் போட்டோகொப்பி எடுத்து விற்ற கடைக்கும் அந்தத் தவணை வியாபாரம் படுத்துவிட்டது. ஆனால் வகுப்பில் அதுவரை வாய் திறக்காத இரண்டு மூன்று பிள்ளைகள் அந்தத் தாளில் எழுதியது வேறு ரகம். எந்தத் தாய் எப்போது வேலைக்குத் திரும்புவாள், ஏன் திரும்புவாள் என்று அவர்களுக்குப் புத்தகம் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அதைத் தரவோடு சேர்த்து வாதமாக எழுத மட்டும் பழக வேண்டியிருந்தது. விடைத்தாள் திருத்த முன்பு எடுத்த நேரத்தைவிட இரண்டு மடங்கு எடுக்கிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இருநூறு விடைத்தாள், இரண்டாம் பரீட்சகர் வேறு. நேரம் தராமல் ஒத்திசைவை மட்டும் கேட்கும் நிர்வாகத்துக்கு அட்டவணைதான் கிடைக்கும்.

இந்த மேடையில் ஒரே குரலாகப் பேசினாலும் எங்கள் நால்வருக்குள் ஓர் இணக்கமின்மை இருக்கிறது. மொழித்துறைத் தோழி இந்தப் பேறுகளைப் பற்றி அவ்வளவு உற்சாகப்படுவதில்லை. ஒரு கவிதையை வாசித்த மாணவி என்ன ஆவாள் என்று முன்கூட்டியே எழுதிவைக்க முடியுமா என்று கேட்கிறார். அவருக்குத் துணையாக லோரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் இருக்கிறார். 1975இலேயே, நல்ல கல்வி கற்றவர் எப்படி நடந்துகொள்வார் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போவதே அந்தக் கல்வியின் வெற்றி என்ற கருத்தில் எழுதியவர். விஞ்ஞானத் தோழி இதை ஒப்புக்கொள்வதில்லை. முன்கூட்டிச் சொல்ல முடியாதது இருக்கட்டும், முன்கூட்டிச் சொல்லக்கூடியதையாவது மறைக்காமல் சொல்லுங்கள் என்கிறார். நேற்றிரவு ஹட்டனில் தங்கியிருந்த அறையிலும் இந்த வாக்குவாதம் பதினொரு மணிவரை நடந்தது. எங்கள் அபிப்பிராயத்தில் இருவரும் சொல்வதில் நியாயம் இருக்கிறது, ஆனால் வாசலில் நிற்கும் பிள்ளைக்கு முதலில் வேண்டியது இரண்டாமவர் சொல்வது.

வெளிநாடுகளிலிருந்து வந்திருக்கும் அக்காமார் தேநீர் வேளையில் கேட்டார்கள், நாங்கள் பணம் அனுப்பலாம், வேறென்ன செய்யலாம் என்று. பணமும் தேவைதான், மறுக்கவில்லை. உங்கள் பிள்ளைகள் இலண்டனிலும் டொரன்டோவிலும் படிக்கும் பாடங்களின் பாட விளக்கங்களையும் புள்ளியிடும் அளவுகோல்களையும் அனுப்பிவையுங்கள். ஒரு நல்ல அளவுகோல் எப்படி இருக்கும் என்பதை எங்கள் சகபாடிகளுக்குக் காட்ட அது பத்துச் செயலமர்வுக்குச் சமம். இங்கே அதிபராகவும் ஆசிரிய ஆலோசகராகவும் இருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். பாடசாலை மட்டக் கணிப்பீட்டைப் புள்ளி நிரப்பும் பத்திரமாகப் பார்க்காதீர்கள். பேசுவதையும் செய்து காட்டுவதையும் அளக்க நம் பிள்ளைக்குப் பதினாறு வயதுக்குள் கிடைக்கும் ஒரே சந்தர்ப்பம் அதுதான்.

சங்கத்தோடு பேசி ஒரு சிறிய ஏற்பாடு செய்திருக்கிறோம். உயர்தரம் முடித்துப் பல்கலைக்கழக அனுமதிக்காகக் காத்திருக்கும் மாணவிகளோடு, மாதத்தின் கடைசிச் சனிக்கிழமை காலை இந்த மண்டபத்திலேயே இருப்போம். நால்வரில் யாராவது இருவர் நிச்சயம் வருவோம். ஒரு பாட விளக்கத்தை எப்படி வாசிப்பது, பேறு எது, புள்ளி எங்கே இருக்கிறது, ஒப்படை கேட்கும்போது விரிவுரையாளரிடம் எதைத் திருப்பிக் கேட்கலாம் என்றெல்லாம் சேர்ந்து பார்ப்போம். ஏற்கெனவே பல்கலைக்கழகத்தில் இருக்கும் தங்கைமார் வரும்போது தங்கள் பாட விளக்கம் ஒன்றையும், அந்தப் பாடத்தின் பழைய வினாத்தாள் ஒன்றையும் கொண்டுவாருங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத்தான் தொடங்குவோம். பெயர் கொடுக்கும் கொப்பி வாசலில், பழைய படங்கள் தொங்கவிட்டிருக்கும் மேசையில் இருக்கிறது. மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கமிருந்து வருபவர்கள் பஸ் நேரத்தையும் சேர்த்து எழுதிவிடுங்கள், அதைப் பார்த்துத்தான் தொடங்கும் நேரத்தை வைக்க வேண்டும்.